பீர் வீதியில் நடந்தோம். நம் கடைவீதியை நினைத்தோம்



தலைப்பைப் பார்த்ததும், "அண்ணாச்சிக்கு இந்த வயதில் இது தேவையா?" என்று சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாற்பத்து மூன்று வருடமாக விருதுநகரில் மல்லி, வத்தல், பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். இன்றுவரை பீர், பிராந்தி எதையும் தொட்டதில்லை, இனியும் தொடப்போவதில்லை. நம் மாநிலத்தில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுவதும் அரசு நிறுவனத்தின் கையில் இருப்பதால், பலசரக்குக் கடைக்காரருக்கு அந்தச் சரக்கில் ஒரு பைசா சம்பந்தமும் கிடையாது. அது குடும்பங்களைப் படுத்தும் பாட்டை மட்டும் தினமும் கடை வாசலில் இருந்தே பார்க்கிறோம். ஆகவே இது மதுவுக்குப் பரிந்து எழுதும் கட்டுரை அல்ல. வியாபாரத்தைப் பற்றிய கட்டுரை.

நம் மகன் ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். 2024 ஜூன் மாதம் அங்கே போயிருந்தோம். ஒரு சனிக்கிழமை மருமகள், "மாமா, பாம்பெர்க் என்று ஒரு பழைய ஊர் இருக்கிறது. ஒருவர் கூடவே வந்து ஊரைச் சுற்றிக் காட்டுவார். நடுவிலே நாலு கடையில் ருசி காட்டுவார்கள்" என்றாள். "என்ன கடையம்மா?" என்று கேட்டோம். கொஞ்சம் தயங்கி, "பீர் கடை மாமா" என்றாள். மகன் நம் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். நாமும் யோசித்துவிட்டு, "ருசி பார்க்க வேண்டாம், கடையைப் பார்க்கலாம் அல்லவா?" என்று கிளம்பிவிட்டோம். வியாபாரிக்குக் கடை என்றால் கால் தானாகப் போகும்.

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாம்பெர்க் வந்துவிடுகிறது. முக்கால் லட்சம் பேர் வாழும் ஊர். நம் விருதுநகர் அளவுதான் என்று வைத்துக் கொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குப் பெரும்பாலும் தப்பிய ஊர் என்பதால் பழைய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. 1993இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவில் ஒரு திட்டின்மேல் பழைய நகரசபைக் கட்டடம் நிற்கிறது. பிஷப் கரையில் இடம் தர மறுத்ததால் ஊர்க்காரர்கள் ஆற்றுக்குள்ளேயே கட்டிக்கொண்டார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். நம்மைக் கவர்ந்தது வேறொன்று. ஊருக்குள்ளேயே காய்கறித் தோட்டக்காரர்களின் தெருக்கள் இருக்கின்றன. அவையும் அந்தப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தி. ஒரு காலத்தில் அதிமதுரம் பயிரிட்டு வெளியூர்களுக்கு அனுப்பிய தோட்டக்காரர்கள் இவர்கள். நம் நாட்டுமருந்துக் கடையில் கிடக்கும் அதே அதிமதுரம்தான். பாம்பெர்க்காரர்களுக்கு 'வெங்காயம் மிதிப்பவர்கள்' என்று ஒரு பட்டப்பெயரும் உண்டாம். வெங்காயத் தாளை மிதித்துச் சாய்த்துவிட்டால் அடியில் காய் பெருக்கும் என்று தோட்டக்காரர்கள் செய்த வேலையால் வந்த பெயர். இதைக் கேட்டதுமே அந்த ஊர் நமக்குச் சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

எங்களை அழைத்துப் போனவர் ஓய்வுபெற்ற ஒரு பெண்மணி. பன்னிரண்டு பேர் கூட்டம். அவர் ஜெர்மனில் சொல்ல, மருமகள் நமக்குத் தமிழில் சொன்னாள்.

முதல் கடை ஷ்லெங்கெர்லா. 1405 முதல் ஆவணங்களில் இடம்பெறும் கடை. தாழ்ந்த உத்தரம், கறுத்த மரம், உட்கார இடமில்லாமல் நடையிலும் தெருவிலும் நின்று குடிக்கிற கூட்டம். மரப் பீப்பாயிலிருந்து நேராக இறக்குகிறார்கள். கண்ணாடி டம்ளரை மூக்குக்கு நேரே கொண்டு வந்தாலே புகை வாசம் அடிக்கிறது. விறகடுப்பு எரிகிற சமையலறையில் நாள் முழுக்கத் தொங்கிய துணியின் வாசம். நமக்கு அந்த அம்மாள் ஒரு சின்னக் கிண்ணத்தில் முளைகட்டி உலர்த்திய பார்லியைக் கொடுத்தார். அதைத்தான் மால்ட் என்கிறார்கள். வாயில் போட்டு மென்றோம். பதமாக வறுபட்ட தானியத்தின் இனிப்பு, பிறகு புகை. தானிய வியாபாரியின் நாக்கல்லவா, சரக்கு முதல் தரம் என்று உடனே தெரிந்தது.

பார்லியை ஊறவைத்து, முளைக்கவிட்டு, முளையை நிறுத்த உலர்த்த வேண்டும். பழைய காலத்தில் எல்லோருமே விறகுத் தீயில்தான் உலர்த்தினார்கள். ஆகவே பல ஊர் பீரிலும் புகை இருந்தது. பிறகு புகை படாமல் சூட்டுக் காற்றில் உலர்த்தும் சூளைகள் வந்தன. செலவு குறைவு, வேலை சுலபம். எல்லோரும் மாறினார்கள். இந்த ஊரில் ஷ்லெங்கெர்லாவும் ஷ்பெட்சியால் என்ற இன்னொரு கடையும் மட்டும் மாறவில்லை. இன்றைக்கும் பீச் மரக்கட்டையைக் கொளுத்தி அதன் புகையில் தங்கள் மால்ட்டைத் தாங்களே உலர்த்துகிறார்கள். எல்லோரும் செய்தபோது அது சாதாரணச் சரக்கு. இருவர் மட்டும் செய்யும்போது உலகம் தேடி வருகிறது. நம் மரச்செக்கு எண்ணெய்க் கதையும் இதுதான். ஆனால் ஒன்று: செக்கு எண்ணெய் என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே வேறு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அங்கே புகை வாசத்துக்கு எசன்ஸ் ஊற்றினால் ஊரே காறித் துப்பிவிடும்.

ஏனென்றால் கலப்பட விஷயத்தில் அந்த மக்களுக்கு ஐந்நூறு வருடப் பழக்கம். 1489இலேயே பாம்பெர்க் பிஷப், பீருக்கு மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார். அதற்கு 27 வருடம் கழித்து, 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியா முழுவதற்குமான சட்டம் வந்தது. இந்தச் சட்டத்தைத் தூய்மைச் சட்டம் என்று உலகமே புகழ்கிறது. அதில் முக்கால் பங்கு விலைக் கட்டுப்பாடு என்பதைப் பலர் சொல்வதில்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை ஒரு படி பீர் ஒரு ஃபெனிக், மற்ற மாதங்களில் இரண்டு ஃபெனிக்குக்கு மேல் விற்கக்கூடாது என்று எழுதி வைத்தார்கள். பார்லியை மட்டும்தான் போட வேண்டும் என்றதற்கும் காரணம் உண்டு. கோதுமையையும் கம்புபோன்ற ரை தானியத்தையும் பீர்க்காரர்கள் வாங்கிக் குவித்தால் ரொட்டி விலை ஏறிவிடும் என்ற பயமும் அதன் பின்னால் இருந்தது. 1955 அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தில் இருப்பு வரம்பு என்று அதிகாரிகள் வந்து நம் மூட்டைகளை எண்ணும்போது, இது நம் தலைமுறைக்கு மட்டும் வந்த சோதனை அல்ல என்று நினைத்து ஆறுதல் கொள்ளலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கே எந்தக் கண்ணாடி டம்ளரை எடுத்தாலும் மேலே ஒரு கோடும் அதன் அருகில் அளவும் பொறித்திருக்கிறது. நுரை வேறு, சரக்கு வேறு. சரக்கு அந்தக் கோடு வரை இருக்க வேண்டும். இது சட்டம். ருசி பார்க்கத் தந்த சின்ன டம்ளரிலும் கோடு இருந்தது. நம் தராசுக்கு வருடா வருடம் முத்திரை போடுவதைத் தொந்தரவு என்று புலம்புகிறோமே, அங்கே குடிப்பவன் கையிலேயே முத்திரையைக் கொடுத்துவிட்டார்கள்.

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறோம். இதை அந்த அம்மாள் ஊருக்கு மேலே ஒரு குன்றின் அருகே நிறுத்திச் சொன்னார். கோடையில் பீர் காய்ச்சக்கூடாது என்று பவேரியாவில் பழைய சட்டம் இருந்தது. சூட்டில் கெட்டுப்போகும், தீ விபத்தும் வரும். ஆகவே மார்ச் மாதம் காய்ச்சியதைப் பாறையைக் குடைந்த நிலவறைகளில் பனிக்கட்டி போட்டு வைத்தார்கள். மேலே நிழலுக்கு மரம் வைத்தார்கள். மக்கள் அந்த நிழலிலேயே வந்து உட்கார்ந்து, காய்ச்சுகிறவரிடமே நேரடியாக வாங்கிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஊருக்குள் கடை வைத்து, காசு கொடுத்து வாங்கி விற்கிற சில்லறைக்காரர் கதி என்ன? உற்பத்தியாளரே நேராக விற்றால் இடையில் இருப்பவன் எங்கே போவான்? இருநூறு வருடத்துக்கு முன் மூனிக் நகரத்துக் கடைக்காரர்கள் ராஜாவிடம் போய் நின்றார்கள்.

1812 ஜனவரி 4 அன்று ராஜா மாக்ஸ் ஜோசப் ஒரு தீர்ப்புச் சொன்னார். காய்ச்சுகிறவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை நான்கு மாதம் தங்கள் நிலவறை வாசலில் சொந்தச் சரக்கை விற்கலாம். பீரும் ரொட்டியும் மட்டும் கொடுக்கலாம். சாப்பாடும் வேறு பானங்களும் கூடாது. சாப்பாட்டு வியாபாரம் கடைக்காரருக்கு. அவரும் பிழைத்தார், இவரும் பிழைத்தார். வாடிக்கையாளரும் விடவில்லை: சாப்பாடு கிடைக்காது என்றால் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருகிறோம் என்று கூடையோடு வர ஆரம்பித்தார்கள். பின்னால் அந்தத் தடை போய்விட்டது. தோட்டங்களிலும் சாப்பாடு போடுகிறார்கள். ஆனால் கட்டுச்சோறு கொண்டு வரும் வழக்கம் மட்டும் நிலைத்து, 1999இல் பவேரிய அரசின் விதியிலேயே ஏறிவிட்டது. அன்று மாலை இப்படிப்பட்ட ஒரு தோட்டத்தில் மருமகள் கட்டிக் கொண்டு வந்த எலுமிச்சைச் சாதத்தை நாம் தைரியமாகப் பிரித்துச் சாப்பிட்டோம். ராஜா உத்தரவு அல்லவா!

கம்பெனிகள் விநியோகஸ்தரைத் தாண்டிப் பெரிய கடைகளுக்கும், செல்போன் ஆப் மூலம் வீட்டு வாசலுக்கும் நேராகச் சரக்கு அனுப்புவதைப் பற்றி ஒவ்வொரு மே 5 வணிகர் தின மாநாட்டிலும் பேசுகிறோம், தீர்மானம் போடுகிறோம். தீர்மானம் வேண்டும், மனுவும் வேண்டும். 1812இல் மனுப் போட்டுத்தானே கொஞ்சமாவது கிடைத்தது. ஆனால் அந்தத் தடை நிற்கவில்லை. அதற்குப் பிறகும் சிறு கடைகள் நின்றிருக்கின்றன. எதனால் நின்றன என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம்.

நடுவில் 1907 கதை. பாம்பெர்க் பீர்க்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி அரை லிட்டருக்கு ஒரு ஃபெனிக் விலை ஏற்றினார்கள். ஊர்க்காரர்கள் ஒரே பேச்சாக உள்ளூர் பீரை நிறுத்திவிட்டு, பக்கத்து ஊரிலிருந்து வரவழைத்துக் குடித்தார்கள். சில நாளில் பழைய விலைக்கே இறங்கி வந்தார்கள். இதைப் 'பீர் யுத்தம்' என்று இன்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். சங்கம் கூடி விலை வைக்கலாம் என்று யோசனை சொல்கிற நம் நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனதில் வைக்கட்டும்.

கடைசியாக ஆற்றைத் தாண்டி மேல் ராஜ வீதி என்று பொருள்படும் ஒரு தெருவுக்கு வந்தோம். ஷ்பெட்சியால் கடை 1536 முதல். அதற்கு நேர் எதிரே ஃபெஸ்லா, 1649 முதல். நடுவில் ஒரு தெரு. ஏறக்குறைய நானூறு வருடமாக எதிரெதிரே ஒரே சரக்கை விற்கிறார்கள்! நம் ஊரில் எதிர்க்கடை வைத்தால் மூன்றாம் மாதமே ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். அங்கே ஷ்பெட்சியாலில் புகை பீரை ருசி காட்டிவிட்டு, ஒருவர் புகை இல்லாததை அதிகம் விரும்புவதாகச் சொன்னதும், அந்தச் சிப்பந்தியே, "அப்படியென்றால் எதிரே போங்கள், அது அவர்களிடம் நன்றாக இருக்கும்" என்று கையைக் காட்டினார். ஒரு கடைக்காரருக்கு இதைவிடப் பெரிய தைரியம் இருக்க முடியாது என்று நமக்குத் தோன்றியது. என் சரக்கு இது, அவன் சரக்கு அது என்று தெளிவாக இருந்தால்தான் இப்படிக் கையைக் காட்ட முடியும். எல்லாக் கடையிலும் ஒரே கம்பெனி பாக்கெட்டுகளை ஒரே வரிசையில் அடுக்கி வைத்திருந்தால் விலையில்தான் மோத வேண்டும். விலையில் மோதினால் பெரிய பணம்தான் ஜெயிக்கும்.

அதனால்தான் அந்த நடைப்பயணமே நடக்கிறது. நாலு கடையும் நாலு ருசி. வருகிறவன் ஒரு கடையில் வயிறு நிரம்பிவிடாதபடி சின்ன டம்ளராகக் கொடுத்து அடுத்த கடைக்கு அனுப்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுபதுக்கு மேல் இருந்தவை இன்று பத்துக்குச் சற்றுக் கூடக்குறையத்தான் இருக்கின்றன. ஆகவே அங்கே எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. மீதி இருப்பவை இப்படித்தான் நிற்கின்றன.

நம்மைத் தூங்கவிடாமல் செய்தது கடைசியில் பார்த்ததுதான். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் செங்கல் கட்டடமாக ஒரு மால்ட் ஆலை. வையர்மான் என்று பெயர். 1879இல் தொடங்கிய குடும்பத் தொழில். அவர்கள் பீர்க்கடைகளுக்கு மால்ட் தருகிற சப்ளையர்கள். மூலப்பொருள் கொடுக்கிற மொத்த வியாபாரி என்றால் நம் ஜாடைதானே. கால் அங்கேயே நின்றுவிட்டது. அமெரிக்காவில் 1970களின் கடைசியில் பீர் ஆலைகள் நூறுக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டன. நாலைந்து பெரிய கம்பெனிகள்தான் நாட்டையே நிரப்பின. 1978இல் வீட்டில் காய்ச்சுவதற்கு மத்திய அரசின் தடை நீங்கியது. அதில் கை பழகியவர்கள் சின்னச் சின்ன ஆலைகள் வைத்தார்கள். இன்று ஒன்பதாயிரத்துக்கும் மேல். கிராஃப்ட் பீர் என்ற பெயரே அங்கே பிறந்ததுதான். இந்தச் சிறியவர்களுக்கு விதவிதமான மால்ட் வேண்டும். வாங்குவது கப்பல் கணக்கில் அல்ல, 25 கிலோ மூட்டைக் கணக்கில். பாம்பெர்க்காரர் அதைக் கொடுத்தார். இன்று நூறுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்தச் சின்ன ஊரிலிருந்து மூட்டை போகிறது.

பெரிய கம்பெனி நாலைந்து மட்டும் இருந்தால் அது தானே ஆலை வைத்துக்கொள்ளும், அல்லது சப்ளையர் கழுத்தில் துண்டைப் போட்டு விலை பேசும். ஆயிரம் சிறியவர்கள் இருந்தால்தான் மொத்த வியாபாரிக்கு வாழ்வு. இது நமக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தே தவறு செய்தோம்.

இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. 2011இல் ஒரு பெரிய சங்கிலிக் கடை நிறுவனத்திலிருந்து கொள்முதல் செய்யும் தம்பி வந்தார். லாரி லாரியாக எடுப்போம் என்றார். மல்லிக்கும் பருப்புக்கும் கிலோவுக்கு மூன்று ரூபாய் குறைத்து, முப்பது நாள் கடனும் கொடுத்தோம். அதே நேரத்தில் இருபது வருடமாக நம்மிடம் கைக்காசு கொடுத்து இரண்டு மூட்டை, மூன்று மூட்டை எடுத்த சில்லறைக் கடைக்காரர்களுக்குப் பழைய விலைதான். சாத்தூர் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் அந்தக் கடையின் விலைச் சீட்டைக் கிழித்துக்கொண்டு வந்து நம் கல்லாவின்மேல் வைத்தார். "அண்ணாச்சி, அவங்க தட்டுல போட்டிருக்கிற விலை நீங்க எனக்குப் போட்ட பில்லைவிடக் கம்மி. நான் இனிமே சரக்கை உங்ககிட்ட எடுக்கிறதா, அங்க போய் எடுக்கிறதா?" என்று கேட்டார். நாம் ஏதோ சமாதானம் சொன்னோம். அவர் பழைய பாக்கி நானூறு ரூபாயை எண்ணி வைத்துவிட்டுப் போனவர், பிறகு வரவில்லை. அவர் மாதிரி இன்னும் பலர் சொல்லாமலே நின்றார்கள். நான்கு வருடம் கழித்து அந்தச் சங்கிலிக் கடை நேராக ஆலைகளிலேயே வாங்க ஆரம்பித்துவிட்டது. கடைசி பில் பணத்துக்கு நாம் எட்டு மாதம் அலைந்தோம்.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கணக்கை அவர்கள் பார்த்தார்கள். நம் கணக்கை நாம் பார்க்கவில்லை. சங்கக் கூட்டத்தில் பெரிய கடைகளை எதிர்த்துக் கோஷம் போட்டுவிட்டு, கடைக்கு வந்து அவர்களுக்கு மட்டும் தனி விலைப் பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று அவரவர் பேரேட்டைப் புரட்டினால் தெரியும். இதை எழுதியதற்காக நம்மோடு சண்டைக்கு வருகிற மொத்த வியாபாரிகள் இருப்பார்கள். வரட்டும், காபி வாங்கித் தருகிறோம்.

ஊர் திரும்பியதும் சங்கத்தில் ஒரு யோசனை சொன்னோம். நம் கடைவீதியிலும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் வீட்டுப் பெண்களையும் நாலைந்து கடைக்கு நடத்திக் கூட்டிப் போகலாம். ஒரு கடையில் மல்லியின் ரகங்களைக் கசக்கி மோந்து பார்க்கட்டும், ஒரு கடையில் 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு வத்தலையும் சம்பா வத்தலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும், ஒரு கடையில் செக்கு ஓடுவதைப் பார்த்து ஒரு கரண்டி எண்ணெய் நக்கட்டும் என்றோம். செயலாளர் சிரித்தார். ஒரு நண்பர், "ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருக்க விடுங்கள் அண்ணாச்சி" என்றார். அது நியாயந்தான். யோசனை மினிட் புத்தகத்தில் இருக்கிறது.

நம் கடை அளவில் 2025 தை முதல் தேதியிலிருந்து ஒரு காரியம் செய்திருக்கிறோம். வாசலில் கரும்பலகை. ஒரு மூட்டை எடுத்தாலும் ஐம்பது மூட்டை எடுத்தாலும் அன்றைக்கு ஒரே விலை. ஏற்றுகூலி மட்டும் தனி. கால் மூட்டையும் பிரித்துக் கட்டித் தருகிறோம். மகன் போனில், "அப்பா, லாபம் குறையுமே" என்றான். முதல் மூன்று மாதம் குறைந்தது. இரண்டு பெரிய வாடிக்கைகள் போய்விட்டன. சில்லறைக்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். பழைய எண்ணிக்கையில் பாதி கூட இன்னும் ஆகவில்லை.

சாத்தூர்க்காரரும் ஒரு நாள் வந்தார். பலகையை நின்று வாசித்தார். இரண்டு மூட்டை மல்லி போடச் சொல்லி, கையில் பில்லை வாங்கிப் பலகையோடு ஒத்துப் பார்த்தார். உட்காருங்கள், டீ சொல்கிறேன் என்றோம். அடுத்த தடவை பார்க்கலாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.